கல்லு தூங்குதா, முழிச்சிருக்கா: முதல் தடவை வைரம் வாங்கறவங்களுக்கு

எனக்கு நானே காசு சேத்து வாங்கின முதல் வைரம் ஒரு ஜோடி ஒத்தக்கல் தோடு, காதுக்கு 20 செண்ட் (100 செண்ட் சேந்தா 1 கேரட், வைரத்துக்கு எடைக் கணக்கு இதுதான்). கடையில தட்டுல வெச்சுக் காட்டினப்போ அப்படி டாலடிச்சுது, கண்ணை எடுக்க முடியல, உடனே பில்லைப் போட்டு வாங்கிட்டு வந்து வீட்ல சமையல்கட்டு டியூப்லைட் வெளிச்சத்துல அத்தைகிட்ட காட்டினேன். அவங்க கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு "ஏன்டி, கல்லு தூங்குதே"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு, கலர் இஎஃப், அதாவது கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெள்ளை, கிளாரிட்டி விவிஎஸ், அதாவது உள்ள குறை ரொம்ப ரொம்பக் கம்மி, கையில சர்டிபிகேட், இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா அவங்க சொன்னப்புறம் பாத்தா நடுவுல கருப்பா ஒரு வட்டம், ஓரத்துல மட்டும் லேசா மினுக்கு. அவங்க மூக்குத்திக் கல்லு என் கல்லுல பாதிகூட இருக்காது, அவங்க தலையை ஆட்டும்போதெல்லாம் அது கண்ணுல வந்து குத்துது.

அன்னைக்கு நான் பாக்காம விட்டது ஒண்ணே ஒண்ணுதான், கட். கலர், கிளாரிட்டி, எடை மூணையும் கடைக்காரர் வாய் ஓயாம சொன்னார், கட் பத்தி ஒரு வார்த்தை வரல, எனக்கும் கேக்கத் தெரியல. அதனால முதல் தடவை வாங்கப் போறவங்களுக்காக, எந்த வரிசையில எதைப் பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

மொதல்ல கட் வேற, ஷேப் வேற

கட்னு சொன்னா முக்காவாசிப் பேர் ரவுண்டா ஓவலான்னு நினைச்சுக்கறாங்க, கடையிலயும் அப்படியேதான் பேசறாங்க. அது ஷேப். கட்ங்கறது பட்டை தீட்டின லட்சணம், எந்தப் பட்டை எந்தச் சரிவுல இருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதாங்கற கணக்கு. ரவுண்ட் பிரில்லியன்ட்னு சொல்ற சாதாரண வட்டக் கல்லுல 57 பட்டை, அடிநுனியில குட்டியா ஒண்ணு தீட்டியிருந்தா 58. மேல தட்டையா இருக்கறது டேபிள், அதைச் சுத்திச் சரியற மேல்பாகம் கிரவுன், இடுப்பு மாதிரி ஓடற ஓரம் கர்டில், அதுக்குக் கீழ கூம்பா இறங்கறது பெவிலியன். இந்த நாலு பேரு தெரிஞ்சா போதும், கடைக்காரர் பேசறது பாதிக்கு மேல புரிஞ்சுடும்.

கல்லு எப்படி ஜொலிக்குதுன்னா, மேல இருந்து உள்ள போற வெளிச்சம் பெவிலியனோட ஒரு பக்கச் சரிவுல மோதி, எதிர்ச் சரிவுல மோதி, திரும்ப மேல் வழியாவே நம்ம கண்ணுக்கு வரணும். வைரத்தோட ஒளிவிலகல் எண் 2.42, கண்ணாடியை விட ரொம்ப அதிகம், அதனால சரிவு சரியா இருந்தா உள்ள போன வெளிச்சத்துல பெரும்பங்கு மேலயே திரும்பிடும். சரிவு தப்பினா போச்சு. பெவிலியன் அளவுக்கு மீறி ஆழமா போனா நடுவு இருட்டிடும், என் தோட்டுக்கு வந்த கேடு அதுதான். ரொம்பத் தட்டையா போனா டேபிளுக்குள்ள கர்டிலோட பிம்பம் வெளுத்த வளையமா தெரியும், சந்தையில ரெண்டு நாள் கெடந்த மீனோட கண்ணு இருக்குமே, அதே மாதிரி. ஆங்கிலத்துல இதுக்குப் பேரே ஃபிஷ் ஐதான்.

1919-ல மார்செல் டோல்கோவ்ஸ்கினு ஒருத்தர், பெல்ஜியம் ஆன்ட்வெர்ப்ல வைரத் தொழில் பண்ற குடும்பத்துல வந்தவர், இதுக்குக் கணக்குப் போட்டு எழுதினார்: டேபிள் அகலம் கல்லோட விட்டத்துல 53 சதவீதம், கிரவுன் சரிவு 34.5 டிகிரி, பெவிலியன் சரிவு 40.75 டிகிரி. இன்னைக்கு ரவுண்ட் கல்லு தீட்டறவங்க அதைச் சுத்தித்தான் ஆடறாங்க.

அப்படி நூறு வருஷமா கணக்குத் தெரிஞ்சிருந்தும் தூங்கற கல்லு ஏன் வருதுன்னு கேட்டீங்கன்னா, காரணம் எடை. பச்சைக் கல்லை, அதாவது இன்னும் பட்டை போடாத வைரத்தைத் தீட்டும்போது பாதிக்கு மேலகூடப் பொடியா போயிடும், விக்கறது எடைக்கு, அதனால தீட்டறவர் கீழ கொஞ்சம் வயிறு விட்டு, கர்டிலைக் கொஞ்சம் தடியா விட்டு எடையைக் காப்பாத்தறார். அந்த வயித்துக்கும் காசு குடுக்கறது நாமதான், அது மேல இருந்து பாத்தா தெரியவும் தெரியாது.

கடைக்குள்ள போனதும்

நகைக்கடை லைட்டை நம்பாதீங்க. கூரை முழுக்கக் குட்டிக் குட்டி ஸ்பாட் லைட் இருக்கும், அதுக்குக் கீழ சோடா பாட்டில் துண்டை வெச்சாலும் மினுக்கும். நான் இப்போ பண்றது என்னன்னா, ஒரே எடையில ரெண்டு மூணு கல்லு எடுத்து வைக்கச் சொல்வேன், ஒரு கல்லை மட்டும் பாத்தா நம்ம கண்ணுக்கு எல்லாமே அழகுதான், பக்கத்துல இன்னொண்ணு இருந்தாதான் எது மந்தம்னு தெரியும். அப்புறம் தொடைக்கச் சொல்வேன், ஏன்னா வைரத்துல எண்ணெய்ப் பிசுக்கு சட்டுனு ஒட்டும், காலையில இருந்து பத்துப் பேர் தொட்ட கல்லு நல்ல கல்லா இருந்தாலும் மங்கிதான் கெடக்கும்.

தொடைச்சதும் தட்டை லைட்டுக்குக் கீழ இருந்து எடுத்து வாசல் பக்கம் போங்க, நேர் வெயில் வேண்டாம், நிழலான பகல் வெளிச்சம் போதும். கூட ஆளை அனுப்புவாங்க, அனுப்பட்டும். அது முடியாதுன்னா கல்லுக்கு மேல உள்ளங்கையைக் குடை மாதிரி புடிச்சு நிழல்ல பாருங்க, இல்ல கவுண்டர் ஓரத்துக்குக் கீழ கொண்டுபோய் பாருங்க. அந்த மங்கல் வெளிச்சத்துலயும் கல்லுக்குள்ள வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி ஓடணும், லேசா ஆட்டினா கருப்பு இருந்த இடம் வெள்ளையா, வெள்ளை இருந்த இடம் கருப்பா புரளணும். நம்ம ஊர்ல நீரோட்டம்னு சொல்றது இதைத்தான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். எப்படித் திருப்பினாலும் நடுவுல கருப்பு நகராம உக்காந்திருந்தா அந்தக் கல்லை வெச்சுடுங்க.

இதெல்லாம் கையை நீட்டின தூரத்துல பாருங்க. லென்ஸைக் கையில குடுத்ததும் எல்லாரும் அதுலயே மூழ்கிடறோம், தோடு போட்டா எதிர்ல நிக்கறவங்க மூணடி தள்ளி நின்னு பாப்பாங்க, பத்து மடங்கு லென்ஸோட யாரும் கல்யாணத்துக்கு வர்றதில்ல.

காகிதத்துல எதைப் படிக்கணும்

தனிக்கல்லுக்கு ஜிஐஏ அல்லது ஐஜிஐ ரிப்போர்ட் குடுப்பாங்க, ரெண்டும் வைரத்தைச் சோதிச்சுத் தரம் போடற நிறுவனங்கள். ஜிஐஏ 2006-ல இருந்து ரவுண்ட் பிரில்லியன்டுக்குக் கட் கிரேடு போடறாங்க: எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். பேரைப் பாத்து ஏமாறாதீங்க, குட்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, அஞ்சுல மூணாவது. எக்ஸலன்டுக்குக் கீழ இறங்க வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம், பட்ஜெட் இடிச்சா எடையைக் குறைங்க.

எக்ஸலன்டுக்குள்ளயே ஏத்த இறக்கம் உண்டு, அதனால நம்பரையும் பாத்துடுங்க. டேபிள் 54-ல இருந்து 58 சதவீதம், மொத்த ஆழம் 60-ல இருந்து 62.5 சதவீதம், கிரவுன் 34-ல இருந்து 35 டிகிரி, பெவிலியன் 40.6-ல இருந்து 41. இதுக்குள்ள இருந்தா கண்ணை மூடிட்டு இல்லன்னாலும் ஒரு கண்ணை மூடிட்டு வாங்கலாம். கிரவுன் கொஞ்சம் செங்குத்தா இருந்தா பெவிலியன் கொஞ்சம் தட்டையா இருக்கணும், ரெண்டும் சேந்து செங்குத்தா இருந்தா வெளிச்சம் அடிவழியா ஒழுகிடும்.

ரிப்போர்ட்ல மில்லிமீட்டர் அளவும் இருக்கும், உதாரணமா 5.12 - 5.15 x 3.16னு. கடைசி நம்பர் உயரம், போன்ல கால்குலேட்டர் எடுத்து உயரத்தை விட்டத்தால வகுங்க, 61.5 சதவீதம் வருது, நல்ல கல்லு. மனசுல வெச்சுக்க ஒரு தோராயக் கணக்கு: நல்லா தீட்டின ரவுண்ட் கல்லு 10 செண்ட்னா சுமார் 3 மில்லிமீட்டர் விட்டம், 25 செண்ட் 4.1, 50 செண்ட் 5.1, 1 கேரட் 6.4ல இருந்து 6.5. யாராவது 50 செண்ட்னு சொல்லி 4.8 மில்லிமீட்டர் கல்லைக் காட்டினா மிச்ச எடை வயித்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, 50 செண்ட், 1 கேரட் மாதிரி முழு நம்பர்ல விலை ஒரு குதி குதிக்கும். 48 செண்ட் கேட்டுப் பாருங்க, விட்டத்துல 0.1 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது.

ரிப்போர்ட் நம்பரை லேசர்ல கர்டில் மேல எழுதியிருந்தா, ரிப்போர்ட்லயும் அதைக் குறிப்பிட்டிருப்பாங்க. கடையில லென்ஸைக் கேட்டு வாங்கி அதைத் தேடிப் படிங்க, காகிதமும் கல்லும் ஒண்ணுதானான்னு தெரிய வேற சுலபமான வழி இல்ல.

ஏழுகல் தோடுன்னா கணக்கே வேற

நம்ம வீடுகள்ல முதல் வைரம்னா பெரும்பாலும் ஏழுகல் தோடுதான், நடுவுல ஒண்ணு சுத்தி ஆறு. இங்கதான் புதுசா வர்றவங்க தடுக்கி விழறாங்க. கடையில "70 செண்ட் தோடும்மா"ன்னு சொல்வாங்க, கேக்கவே பெருசா இருக்கும். ரெண்டு காதுக்கும் சேத்து 14 கல்லு, வகுத்தா ஒரு கல்லு 5 செண்ட், விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர். சின்னக் கல்லுக்குக் கேரட் விலை பெரிய கல்லை விட ரொம்பக் கம்மி, அதனால 70 செண்ட் ஒத்தக்கல்லு விலையையும் 70 செண்ட் ஏழுகல் விலையையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க, ஒப்பிடணும்னா வேற கடையில அதே கல்லு அளவுல இருக்கற ஏழுகல்லோட ஒப்பிடுங்க.

இதைவிட முக்கியம், இவ்ளோ சின்னக் கல்லுகளுக்குத் தனித்தனி கட் கிரேடு கெடையாது. நகைக்கு மொத்தமா ஒரு சர்டிபிகேட் வரும், அதுல கல்லு எண்ணிக்கை, மொத்த எடை, தோராயமா கலர், கிளாரிட்டி இருக்கும், அவ்ளோதான். என் ஒத்தக்கல் தோட்டுக்கு வந்ததும் இந்த மாதிரி காகிதம்தான், அதுல கட் பத்தி ஒரு வரி இல்லன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் பாத்தேன். அதனால ஏழுகல்லுக்கு உங்க கண்ணுதான் சர்டிபிகேட். ரெண்டு தோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 14 கல்லையும் வரிசையா பாருங்க, எல்லாம் ஒரே மாதிரி முழிச்சிருக்கணும், ஒண்ணு மட்டும் மந்தமா இருந்தா போட்டப்புறம் கண்ணு அங்கயேதான் போகும். "இது ஃபுல் கட்டா, சிங்கிள் கட்டா"ன்னு கேளுங்க, ஃபுல் கட்னா 57 அல்லது 58 பட்டை, சிங்கிள் கட்னா வெறும் 17 அல்லது 18. பொடிக்கல்லுக்கு சிங்கிள் கட் போடறது தப்பில்ல, ஆனா 5 செண்ட்ல ஃபுல் கட் விலை வாங்கிட்டு அதைக் குடுக்கக் கூடாது.

பழைய மாதிரி கட்டட வேலைன்னா பின்பக்கம் தங்கத்தால மூடியிருக்கும், ஓப்பன் செட்டிங்னா பின்னால இருந்து கல்லு தெரியும். அத்தை கட்சி கட்டடம், நான் ஓப்பன். மூடியிருந்தா பின்னால என்ன இருக்குன்னு பாக்க முடியாது, உள்ள தண்ணியும் சோப்பும் போயிட்டா பிரிச்சுத்தான் சுத்தம் பண்ணணும்.

ரவுண்ட் இல்லாத ஷேப் வேணும்னா சுருக்கமா சொல்றேன். ஓவல், பேர் (பேரிக்காய் மாதிரி), மார்க்கீஸ் (ரெண்டு முனையும் கூர்மையா படகு மாதிரி) மூணும் அதே எடை ரவுண்டை விடப் பெருசா தெரியும், ஆனா நடுவுல குறுக்கால, கோட்டு போடறவங்க கழுத்துல கட்டற போ-டை மாதிரி ஒரு கருப்பு விழும், கொஞ்சம் விழத்தான் செய்யும், அது ஆட்டினாலும் போகலன்னா வேண்டாம். பிரின்சஸ் கட் சதுரம், நாலு மூலையும் கூர்மை, இடிச்சா மூலைதான் உடையும், அதனால மூலையை மூடிப் புடிக்கற செட்டிங் கேளுங்க. எமரால்டு கட்ல படிக்கட்டு மாதிரி நீளப் பட்டை, மினுமினுப்பு கம்மி, கண்ணாடி மாதிரி பளிச்சுனு இருக்கும், உள்ள இருக்கற குறையும் அப்படியே பளிச்சுனு தெரியும், கிளாரிட்டியில கஞ்சம் புடிக்க முடியாத ஷேப் இது. ரவுண்ட் தவிர மத்த ஷேப்புக்கு ஜிஐஏ ரிப்போர்ட்ல கட் கிரேடு எதிர்பாக்காதீங்க, மறுபடியும் கண்ணுதான்.

கலர், கிளாரிட்டி, தோஷம்

கலர் டியில ஆரம்பிச்சு இசட் வரைக்கும் போகும், டின்னா சுத்த வெள்ளை, போகப் போக மஞ்சள். நம்ம கடைகள்ல இஎஃப் விவிஎஸ்னு ஒரே மூச்சுல சொல்லி வித்து வித்து அதுக்குக் கீழ எல்லாம் மட்டம்னு ஒரு நினைப்பு வந்துடுச்சு. மஞ்சத் தங்கத்துல பதிக்கப் போற கல்லுக்கு ஜி, ஹெச் தாராளமா போதும், தங்கத்தோட மஞ்சளே கல்லுல பிரதிபலிக்கும். கிளாரிட்டியில விவிஎஸ்ஸுக்கு அடுத்த படியான விஎஸ்ஸே வெறுங்கண்ணுக்கு சுத்தமாத்தான் தெரியும், அதுக்கும் அடுத்த எஸ்ஐ-யிலகூட டேபிளுக்கு நேர் கீழ கரும்புள்ளி இல்லாம ஓரத்துல இருந்தா பரவால்ல. அங்க மிச்சம் பண்ற காசைக் கட்ல போடுங்க, என் முழுக் கட்சியும் இதுதான்.

ஆனா வீட்ல பெரியவங்க கரும்புள்ளி, காகபாதம்னு தோஷம் பாக்கறவங்களா இருந்தா லென்ஸ்ல காட்டிட்டு வாங்கிடுங்க, வாங்கினப்புறம் சண்டை வேண்டாம். வைரம் ஒத்துக்குமான்னு மூணு நாள் வீட்ல வெச்சுப் பாக்கற பழக்கமும் இருக்கு, கேட்டா குடுக்கற கடைகளும் உண்டு. எனக்கு ராசியில நம்பிக்கை இல்ல, ஆனாலும் கேப்பேன், ஏன்னா மூணு நாள்னா டியூப்லைட், பால்கனி, பஸ் ஸ்டாப், சாயங்கால வெளிச்சம் எல்லாத்துலயும் கல்லைப் பாத்துடலாம்ல, அந்தக் காலத்துல இந்த வழக்கத்தை ஆரம்பிச்சவங்களும் இதுக்குத்தான் ஆரம்பிச்சாங்களோ என்னமோ.

ப்ளூ ஜாகர்னு ஒரு பேரு காதுல விழும். தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபான்டைன்னு ஒரு சுரங்கம், அங்க கெடைச்ச வெள்ளைக் கல்லுகள் லேசா நீலம் அடிக்கும், அந்தப் பேருதான் நம்ம ஊர்ல இப்படி ஒட்டிக்கிச்சு. இப்போ ப்ளூ ஜாகர்னு சொன்னா அந்தச் சுரங்கத்துல இருந்து வந்ததுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் ஃப்ளூரசன்ஸ் இருக்கற கல்லு, அதாவது புற ஊதா வெளிச்சத்துல நீலமா ஒளிர்றது. ரிப்போர்ட்ல ஃப்ளூரசன்ஸ்னு ஒரு வரி இருக்கும், ஸ்ட்ராங்னு போட்டிருந்தா வெயில்ல கொண்டுபோய் பால் கலந்த மாதிரி மங்குதான்னு ஒரு தடவை பாத்துடுங்க, மங்கலன்னா கவலை இல்ல. அந்தப் பேருக்காக மட்டும் கூடக் காசு குடுக்க வேண்டாம்.

லேப் க்ரோன், அதாவது ஆய்வுக்கூடத்துல வளத்த வைரமும் வைரம்தான், கார்பன்தான், பேனா மாதிரி ஒரு டெஸ்டர் வெச்சுக் காட்டுவாங்களே, அது அதையும் வைரம்னுதான் சொல்லும், வைரம் மாதிரியே மினுக்கற மாய்சனைட்னு வேற ஒரு கல்லைக்கூட சில டெஸ்டர் வைரம்னு சொல்லிடும். அதனால டெஸ்டர் கீச்சுனு கத்தினதும் திருப்திப்படாதீங்க, இயற்கைக் கல்லா லேப் கல்லான்னு பில்லுல எழுதி வாங்குங்க. லேப் கல்லு விலை ரொம்பவே கம்மி, திருப்பி விக்கறப்போ கெடைக்கறதும் கம்மி. லேப் கல்லு வாங்கறவங்க கட்ல ஒரு துளி விட்டுக்குடுக்காதீங்க, அங்க பச்சைக் கல்லே சல்லிசு, வயிறு விட்டு எடையைக் காப்பாத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்ல.

பில் போடும்போது

களைப்புல எல்லாரும் தலையாட்டற நேரம் இது, இங்கதான் முழிச்சிருக்கணும். பில்லுல மொத்த எடை, கல்லு எடை, தங்கத்தோட நிகர எடை மூணும் தனித்தனியா வரணும். 1 கேரட் வைரம்னா 0.2 கிராம். தோடு மொத்தம் 7 கிராம், வைரம் 1 கேரட்னா தங்கம் 6.8 கிராம்தான், 7 கிராமுக்குத் தங்க விலை போட்டா கல்லுக்கு ரெண்டு தடவை காசு குடுக்கறீங்க, சேதாரமும் அந்த 7 மேலயே ஏறும். தங்கத்துக்குச் சொல்ற கேரட் சுத்தம், வைரத்துக்குச் சொல்ற கேரட் எடை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வைர நகை பெரும்பாலும் 18 கேரட் தங்கத்துல வரும், 750 முத்திரை, அதுக்கு 22 கேரட் ரேட் போட்டிருந்தா அங்கயே நிறுத்துங்க. ஹால்மார்க்கோட ஹெச்யூஐடினு எழுத்தும் நம்பரும் கலந்த 6 இலக்கக் குறியீடு இருக்கும், நகைக்கு நகை வேற, பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாக்கலாம், அது தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அதுல எந்த உத்தரவாதமும் கெடையாது. எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி 3 சதவீதம்.

அப்புறம் திருப்பி எடுக்கறது. "பை பேக் இருக்கும்மா"ன்னு வாயால சொல்றது செல்லாது, பணமாவா இல்ல வேற நகை எடுத்தா மட்டுமா, எத்தனை சதவீதம், அன்னைய விலையிலயா வாங்கின விலையிலயா, இதெல்லாம் பில்லுலயே எழுதச் சொல்லுங்க. என் தூங்குமூஞ்சித் தோட்டை மாத்தப் போனப்போதான் எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான்னு தெரிஞ்சுது, செய்கூலி, சேதாரம், வரி போக மிச்சம் இருந்ததை வெச்சு 15 செண்ட் கல்லு எடுத்தேன், சின்னதுதான், ஆனா முழிச்சிருக்கு. வீட்டுக்கு வந்ததும் நேரா சமையல்கட்டுக்குப் போய் அதே டியூப்லைட்டுக்குக் கீழ நின்னேன், அத்தை பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, வெந்நீர் வெச்சிருக்கேன் குளிச்சுட்டு வான்னாங்க, அவங்க ஒண்ணும் சொல்லலன்னா பாஸ்னு அர்த்தம்.

கடைசியா, வாங்கி ஆறு மாசத்துல "கல்லு மங்கிடுச்சு"ன்னு கடைக்கு ஓடாதீங்க, பெரும்பாலும் தலைக்கு வெச்ச எண்ணெயும் பவுடரும் பின்பக்கம் படிஞ்சிருக்கும், பெவிலியன்ல பிசுக்கு ஒட்டினா வெளிச்சம் திரும்பாது, எப்பேர்ப்பட்ட கட்டும் தூங்கிடும். ஓப்பன் செட்டிங்னா வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டுக் கால்மணி நேரம் ஊற வெச்சு, பழைய குழந்தை டூத்பிரஷ்ஷால பின்னாலயும் தேச்சுக் கழுவுங்க. கல்லைப் புடிச்சிருக்கற கம்பி எதாவது ஆடுதான்னு அப்பவே நகத்தால நெருடிப் பாருங்க. கட்டடத் தோடுன்னா தண்ணியில போடாதீங்க, ஆசாரிகிட்ட குடுங்க. எப்படிக் கழுவினாலும் கிண்ணத்துல வெச்சுக் கழுவுங்க, வாஷ்பேசின்ல வேண்டாம், திருகாணி உருண்டு போனா பரவால்ல, தோடே போச்சுன்னா பிளம்பரைக் கூப்பிடணும்.